பத்தொன்பது பேர் மிச்சமிருந்த ஆட்டம்

ரொறன்ரோவில் இப்போது காலை பதினொரு மணி. இலண்டனில் மாலை. சிட்னியில் இருந்து இணைந்திருப்பவர்களுக்கு விடிகாலை மூன்று மணி இருக்கும். நித்திரை முழித்து இருக்கும் அந்த நண்பர்களுக்கு இன்றைய தலைப்பு நன்றாகப் பொருந்தும். வழமையாக இந்த அரங்கில் நாவல்களைப் பற்றிப் பேசுகிறவன் நான். இன்று ஒரு விளையாட்டின் வரலாற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 ஒக்ரோபர் 27, திங்கட்கிழமை. பேஸ்போல் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் டொட்ஜர்ஸ் அணியும் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியும் மோதின. அங்கே மாலை ஐந்து மணி, இங்கே இரவு எட்டு. 1993க்குப் பிறகு எங்கள் அணி உலகத் தொடருக்கு வந்தது அப்போதுதான். அந்த 1993இல் நான் கனடாவுக்கு வந்து நாலு வருடம். ஜோ கார்ட்டர் கடைசிப் பந்தை வெளியே அடித்து வென்ற இரவில், ஓர் உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் ஒரே சத்தம். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே இந்த முறை விளங்கிக்கொண்டு பார்ப்பது என்று இருந்தேன். பக்கத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்த மகள்.

ஏழாவது இன்னிங்ஸில் 5க்கு 5 என்று சமநிலை. அதன் பிறகு பத்து இன்னிங்ஸ்களாக ஒருவரும் ஓர் ஓட்டம் எடுக்கவில்லை. நள்ளிரவு கடந்தது. ஒரு மணியும் கடந்தது. டொட்ஜர்ஸ் அணியின் ஒட்டானியை எதிர்கொள்ளவே பயந்து நான்கு தடவை வேண்டுமென்றே முதலாவது பேஸுக்கு நடக்கவிட்டார்கள். உள்ளே இருந்து மனைவியின் குரல்: "இஞ்சாருங்கோ, நாளைக்கு வேலைக்குப் போற எண்ணம் இல்லையோ?" பதினாறாவது இன்னிங்ஸ் முடிய நான் எழும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். மகளுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. அவள் அசையவில்லை.

பதினெட்டாவது இன்னிங்ஸில் பிரடி பிரீமன் அடித்த பந்து மதிலைத் தாண்டியது. 6க்கு 5. ஆறு மணி 39 நிமிடம் நடந்த ஆட்டம். இங்கே நேரம் மூன்று மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் நான் எழும்பும்போது மகள் வேலைக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி கிடந்தது: "தோத்திட்டம் அப்பா. நான் கடைசி மட்டும் பாத்தனான்."

முதல் வசனம் செய்தி. இரண்டாவது வசனத்தை ஏன் எழுதினாள்? தோல்வியைக் கடைசி வரை பார்த்ததில் என்ன பெருமை? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய ஆட்டங்களைத் தேடிப் படிக்க வைத்தது.

பேஸ்போலில் கடிகாரம் ஆட்டத்தை முடிப்பதில்லை. உதைபந்தாட்டத்தில் 90 நிமிடம் என்றால் விசில் ஊதிவிடுவார்கள். இங்கே ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். ஒன்பது முடிந்தும் சமநிலை என்றால் பத்தாவது, பதினோராவது என்று போய்க்கொண்டே இருக்கும். எழுத்தளவில் இதற்கு எல்லையே இல்லை.

ஆரம்ப காலத்தில் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. ஏனென்றால் சூரியன் இருந்தது. 1920 மே 1ஆம் தேதி பொஸ்டனில் பொஸ்டன் பிறேவ்ஸ் அணியும் புறூக்ளின் அணியும் 26 இன்னிங்ஸ் ஆடின. பெரிய லீக் வரலாற்றில் இன்னிங்ஸ் கணக்கில் அதுவே இன்றுவரை மிக நீண்ட ஆட்டம். லியோன் கடோர், ஜோ எஷ்கர் என்ற இரண்டு பிட்சர்களும் 26 இன்னிங்ஸ்களையும் தனித்தனியே எறிந்து முடித்தார்கள். 1க்கு 1 என்று இருந்தபோது இருட்டிவிட்டது. பந்து தெரியவில்லை, ஆட்டம் முடிந்தது. யாரைக் கோபிப்பது? சூரியனைக் கோபிக்க முடியாது.

நமக்குப் பழக்கமான கிரிக்கெற்றிலும் இப்படி ஒன்று உண்டு. 1939 மார்ச்சில் டர்பனில் தென்னாபிரிக்காவும் இங்கிலாந்தும் காலவரையறை இல்லாத ரெஸ்ட் ஆடின. பத்தாவது ஆட்ட நாளில் இங்கிலாந்துக்கு இன்னும் 42 ஓட்டங்கள்தான் தேவை, ஐந்து விக்கெற்றுகள் கையில் இருந்தன. மழை வந்தது. ஊருக்குத் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டியிருந்தது. வெற்றி தோல்வி இல்லாமல் கைவிட்டார்கள். அங்கே ஆட்டத்தை முடித்தது கப்பல்.

பேஸ்போலில் சூரியனின் வேலையைப் பறித்தது மின்விளக்கு. 1935 மே 24ஆம் தேதி சின்சினாற்றி நகரின் குறொஸ்லி மைதானத்தில் பெரிய லீக்கின் முதல் இரவு ஆட்டம் நடந்தது. வெள்ளை மாளிகையில் இருந்தபடி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பொத்தானை அழுத்த விளக்குகள் எரிந்தன. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் இரவில் வந்து பார்க்கலாம் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் இருட்டு என்ற நடுவர் அன்றோடு ஓய்வுபெற்றுவிட்டார். அதற்குப் பிறகு எப்போது வீட்டுக்குப் போவது என்பதை மனிதர்களே விதி எழுதித் தீர்மானிக்க வேண்டி வந்தது.

அந்த விதிக்கு அவர்கள் வைத்த பெயர் ஊரடங்கு. நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகங்கள் வரும். இவர்களுடைய ஊரடங்கு சாதுவானது: இத்தனை மணிக்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது, அவ்வளவுதான். 1984 மேயில் சிக்காக்கோவில் வைற் சொக்ஸ் அணியும் மில்வாக்கி அணியும் ஆடிய ஆட்டம் 17 இன்னிங்ஸ் முடிந்தபோது ஊரடங்கினால் நின்றது. மறுநாள் தொடர்ந்து ஆடி, 25ஆவது இன்னிங்ஸில் முடித்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த ஆட்டத்துக்கு வருகிறேன். 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை இரவு. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் போட்டக்கெற் என்ற சிறிய ஆலை நகரம், மக்கோய் மைதானம். பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள லீக்கில், போட்டக்கெற் ரெட் சொக்ஸ் அணியும் ரொச்செஸ்டர் ரெட் விங்ஸ் அணியும் ஆடின. வந்தவர்கள் 1,740 பேர். விளக்குகள் பழுதாகி ஆட்டம் அரை மணிநேரம் பிந்தித்தான் தொடங்கியது.

ஒன்பதாவது இன்னிங்ஸில் போட்டக்கெற் ஓர் ஓட்டம் எடுத்து 1க்கு 1 என்று சமன் செய்தது. அந்த லீக்கிலும் ஊரடங்கு விதி இருந்தது: இரவு 12.50க்குப் பிறகு புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது. ஆனால் அன்று நடுவர்களின் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரி விடுபட்டுப் போயிருந்தது. எழுதாத விதியை நாங்கள் எப்படிப் பின்பற்றுவது என்று நடுவர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கும் பதிப்பாசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடுங்குளிர். காற்று மைதானத்துக்குள் நோக்கி வீசி, உயர அடித்த பந்துகளை மடக்கிவிட்டது. வீரர்கள் உடைந்த மட்டைகளையும் மர வாங்குகளையும் எரித்துக் குளிர்காய்ந்தார்கள். 21ஆவது இன்னிங்ஸில் ரொச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்து முந்தியது. அப்பாடா, முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்கும் நேரத்தில் போட்டக்கெற்றின் வேட் பொக்ஸ் ஓர் அடி அடித்து மறுபடியும் சமன் செய்தார். சொந்த அணியினரே தன்னைக் கட்டிப்பிடிப்பார்களா, குத்துவார்களா என்று தெரியவில்லை என்று அவர் பிறகு சொன்னார். 22ஆவது இன்னிங்ஸில் போட்டக்கெற்றின் பயிற்சியாளர் ஜோ மோர்கன் வாக்குவாதம் செய்து வெளியேற்றப்பட்டார். வெளியே போனவர் வீட்டுக்குப் போகவில்லை. அடிப்பவருக்குப் பின்னால் இருந்த தடுப்பின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லூயிஸ் அப்பொன்ரே என்ற பிட்சர் தன் பங்கை எறிந்து முடித்துவிட்டு விடிகாலையில் வீட்டுக்குப் போனார். இவ்வளவு நேரமும் எங்கே என்று மனைவி கேட்டார். மைதானத்தில் என்றார். மனைவி நம்பவில்லை. பேப்பரைப் பார் என்று சொல்லவும் வழியில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஆட்டம் முடிய முன்னமே அச்சுக்குப் போய்விட்டது.

லீக் தலைவர் ஹரல்ட் கூப்பரைத் தொலைபேசியில் பிடிக்க விடியப்புறம் ஆகிவிட்டது. நடக்கும் இன்னிங்ஸோடு நிறுத்துங்கள் என்றார். 32ஆவது இன்னிங்ஸ் முடிந்து, 2க்கு 2 என்ற சமநிலையில் ஆட்டத்தை நிறுத்தும்போது நேரம் 4.07. ஈஸ்டர் ஞாயிறு. பார்வையாளர் இருக்கைகளில் மிச்சம் 19 பேர். அவர்கள் எல்லோருக்கும் இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தது அணி நிர்வாகம்.

விடிய விடிய இராமர் கதை, விடிந்த பிறகு இராமர் சீதைக்கு என்ன முறை என்று நாங்கள் சொல்வோம். இந்த 19 பேரின் நிலை அதைவிடப் பரிதாபம். கதையைக் கவனமாகக் கேட்டும் முடிவு கிடைக்கவில்லை.

முடிவு ஜூன் 23இல் வந்தது. அப்போது பெரிய லீக் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பார்க்க வேறு ஆட்டம் இல்லை. 5,746 பேர் மைதானத்துக்கு வந்தார்கள், நாடெங்கும் இருந்து பத்திரிகையாளர்கள் வந்தார்கள். 33ஆவது இன்னிங்ஸ் 18 நிமிடத்தில் முடிந்தது. டேவ் கோசா அடித்த அடியில் போட்டக்கெற் 3க்கு 2 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் எதிரெதிராக ஆடிய வேட் பொக்ஸும் கால் ரிப்கினும் பிற்காலத்தில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். வெற்றி அடி அடித்த கோசா பெரிய லீக்கில் ஒருநாள்கூட ஆடவில்லை.

முடிவைப் பார்த்தவர்கள் 5,746 பேர். ஆனால் வரலாறு எண்ணி வைத்திருப்பது அந்த 19 பேரைத்தான். எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. இன்னோர் ஆட்டத்தைப் பற்றிப் படித்த பிறகு கொஞ்சம் விளங்கியது.

2002 ஜூலை 9, மில்வாக்கி. பெரிய லீக்கின் நட்சத்திர வீரர்கள் எல்லோரும் ஆடும் காட்சி ஆட்டம். வெற்றி தோல்வியால் யாருக்கும் இலாப நட்டம் இல்லை. 11 இன்னிங்ஸ் முடிந்தபோது 7க்கு 7. இரண்டு பக்கமும் எறிவதற்குப் பிட்சர்கள் இல்லை. ஆணையாளர் பட் செலிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். ஆட்டம் சமநிலையில் முடிகிறது என்று அறிவித்தார்கள். அது அவருடைய சொந்த ஊர். ஊர்ச் சனமே கூச்சலிட்டது, போத்தல்களை மைதானத்துக்குள் எறிந்தது, விளையாட விடு என்று கத்தியது.

இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டக்கெற்றில் விடியும்வரை வைத்திருந்தபோது சனம் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. மில்வாக்கியில் நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னபோது போத்தல் எறிந்தது. அப்படியென்றால் இரசிகரின் எரிச்சல் நீளத்தின் மேலானது அல்ல. எந்த அந்தரத்தையும் அவர்கள் தாங்குவார்கள். ஆட்டத்துக்கு உள்ளே இருந்து வராத முடிவைத்தான் தாங்கமாட்டார்கள்.

நீளத்துக்கு மருந்து 2020இல் வந்தது. கொரோனாக் காலத்தில் வீரர்கள் சீக்கிரம் கலைய வேண்டும் என்று, மேலதிக இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாவது பேஸில் ஓர் ஓட்டக்காரரை இனாமாக நிறுத்திவிட்டார்கள். ஓட்டம் எடுப்பது இலேசாகிவிட்டது. 2023இல் இதை நிரந்தரமாக்கினார்கள். எறிபவர்களின் தோள்களுக்கு இது நல்லது, மைதானத்தைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளிக்கும் நல்லது. நான் இதைக் குறை சொல்லமாட்டேன். இரவு வேலை செய்தவனுக்கு ஒரு மணிநேரத்தின் அருமை தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பருவ இறுதியின் தகுதிச் சுற்றுகளுக்கும் உலகத் தொடருக்கும் இந்த விதி இல்லை. மெய்யாகவே வெல்ல வேண்டிய ஆட்டங்களைப் பழையபடி எல்லையில்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒக்ரோபர் 27இல் மகள் மூன்று மணிவரை இருந்தது அதனால்தான்.

அந்தக் குறுஞ்செய்தியின் இரண்டாவது வசனத்துக்கு இப்போது என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. முடிவு என்ன என்பதைக் காலையில் யாரும் தெரிந்துகொள்ளலாம். நானும் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பத்து வெறும் இன்னிங்ஸ்களின் எரிச்சலையும் முழுதாகப் பட்டவர்களுக்குத்தான் அந்தத் தோல்வி சொந்தம். எனக்கு அது செய்தி. அவளுக்கு அது நடந்தது.

நவம்பர் 1ஆம் தேதி ஏழாவது ஆட்டம் இங்கே ரொறன்ரோவில். ஒன்பதாவது இன்னிங்ஸில் வெற்றிக்கு இரண்டே பேர் மிச்சம் இருக்கும்போது டொட்ஜர்ஸ் சமன் செய்தார்கள். மறுபடியும் மேலதிக இன்னிங்ஸ், மறுபடியும் நள்ளிரவு. 11ஆவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று தோற்றோம். இந்த முறை நான் எழும்பிப் போகவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திய பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தோம். பிறகு மகள் கேட்டாள், "என்னப்பா, இண்டைக்கு நித்திரை வரேல்லையோ?"

என் பேச்சும் மேலதிக இன்னிங்ஸுக்குப் போய்விட்டது, மன்னிக்க வேண்டும். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. அதற்கு முதல், சிட்னி நண்பர்கள் ஒருக்கால் கையை உயர்த்துங்கள், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பார்ப்போம்.