தூர்மலேயிலிருந்து ஒரு தந்தி

1910ஆம் ஆண்டு பைரெனீஸ் மலையடிவாரத்திலிருந்து பாரிஸ் நகருக்கு ஒரு தந்தி சென்றது. தூர்மலே கணவாயைக் கடந்தாயிற்று, சாலை மிக நன்றாக இருக்கிறது, போக்குவரத்துக்குத் தடையில்லை என்பதே அதன் சாரம். அனுப்பியவர் அல்ஃபோன்ஸ் ஸ்டைனெஸ். முந்தைய இரவு அதே கணவாயின் பனியில் வழிதவறி, உயிர் பிழைத்து வந்தவர் அவர். மலைக்கணவாய்களின் வழியே மிதிவண்டிப் பந்தயம் நடத்தும் திட்டம் இந்தப் பொய்யின் மீதுதான் எழுந்தது.

ஸ்டைனெஸ் பணியாற்றிய 'லோத்தோ' விளையாட்டுச் செய்தித்தாள், விற்பனையைப் பெருக்குவதற்காக 1903இல் தொடங்கியதே டூர் டி பிரான்ஸ் பந்தயம். தொடக்கம் முதலே சில மலையேற்றங்கள் பாதையில் இடம்பெற்றன. எனினும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய் எதையும் பந்தயம் தொட்டதில்லை. பைரெனீஸைச் சேர்க்க வேண்டும் என்று ஸ்டைனெஸ் வற்புறுத்தினார். ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச் தயங்கினார். அந்த உயரத்தில் வீரர்கள் செல்லத்தக்க சாலை இருக்கிறதா என்பதே அவருடைய ஐயம்.

வரைபடத்தில் சாலை இருந்தது. அது எவ்வகைச் சாலை என்பதை அறிய அதன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பேரசூர்த், அஸ்பன், தூர்மலே, ஓபிஸ்க் ஆகிய கணவாய்களை இணைத்த அவ்வழி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மலைநகரங்களின் வெந்நீரூற்றுகளை நாடிவந்த செல்வர்களின் குதிரைவண்டிகளுக்காக உருவாக்கப்பட்டது. கோடையில் வண்டிகளும் மந்தைகளும் சென்றன. குளிர்காலத்தில் பனி அதனை மூடியது. வரைபடத்தின் கோடு இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஒரு வழி எந்த மாதத்தில், யாருக்கு, எந்த ஊர்திக்குச் சாலையாகிறது என்பதை நேரில் சென்றுதான் அறிய முடியும்.

அதற்காகவே ஸ்டைனெஸ் புறப்பட்டார். ஓபிஸ்க் சாலை மோசமாகச் சிதைந்திருந்ததால், அதைச் செப்பனிடும் செலவில் ஒரு பகுதியைச் செய்தித்தாளே ஏற்க ஏற்பாடாயிற்று. தூர்மலேயில் நிலைமை வேறு. உச்சிக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே அவர் அமர்த்திய மோட்டார் வண்டி பனியில் சிக்கியது. அந்திசாயும் நேரத்தில் அவர் நடக்கத் தொடங்கினார். ஆட்டிடையன் ஒருவன் சிறிது தூரம் வழிகாட்டிவிட்டுத் திரும்பினான். உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்குகையில் பனியில் சறுக்கி விழுந்தார். தேடிச் சென்றவர்களின் துணையோடு பரேஜ் என்னும் ஊரை அவர் அடைந்தபோது நள்ளிரவு கடந்து வெகுநேரமாகியிருந்தது. விடிந்ததும் தந்தி அனுப்பினார்.

ஏன் அவ்வாறு அனுப்பினார்? பந்தயம் நடக்கவிருந்தது ஜூலையில். அப்போது பனி உருகியிருக்கும் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். அக்கணக்கு தவறானதுமன்று. ஆனால் தான் கண்டதையும் தன் கணிப்பையும் அவர் பிரித்துச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பை நேரில் கண்ட உண்மையாக எழுதினார். ஐயத்தோடு காத்திருந்த ஆசிரியருக்கு முழு உண்மை சென்றிருந்தால் திட்டம் அங்கேயே முடிந்திருக்கும் என்பதை அவர் அறிவார்.

1910 ஜூலை 21. லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். விடியுமுன் வீரர்கள் புறப்பட்டனர். ஓடும்போதே பல்சக்கரம் மாற்றும் கருவி அந்நாளைய வண்டிகளில் இல்லை. டூர் பந்தயத்தில் அது அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். ஏற்றத்துக்குரிய பல்சக்கரம் வேண்டுமெனில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். சாலை மண்ணும் கல்லுமானது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலேயைப் பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தனர். ஒக்தாவ் லப்பீஸ் உச்சியை முதலில் எட்டினார். அவரும் இடையிடையே நடந்தவரே. குஸ்தாவ் கரிகூ மட்டும் எங்கும் இறங்காமல் ஏறியதற்காக 100 பிராங்க் பரிசு பெற்றார்.

ஓபிஸ்க் கணவாயில் காத்திருந்தவர்களுள் ஸ்டைனெஸும் ஒருவர். தெக்ராஞ்ச் அங்கு இல்லை. நெடுநேரம் எவரும் வரவில்லை. முதலில் தோன்றியவர் அதிகம் அறியப்படாத வீரர் லஃபூர்காத்; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் அவருக்கு வலுவில்லை. அடுத்து வந்தார் லப்பீஸ். அமைப்பாளர்களைப் பார்த்து, நீங்கள் கொலைகாரர்கள் என்று கத்தினார். பிறகு இறங்குமுகத்தில் விரைந்து, லஃபூர்காத்தை முந்தி, பதினான்கு மணிநேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தின் முடிவில் அன்றைய கட்டத்தை வென்றார். அவ்வாண்டின் டூர் வெற்றியும் அவருடையதாயிற்று.

அடுத்த ஆண்டே ஆல்ப்ஸின் கலிபியே கணவாய் பாதையில் சேர்க்கப்பட்டது. இன்று மலைக்கணவாய்கள் இல்லாத டூர் பந்தயத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. லப்பீஸ் 1917 ஜூலை 14 அன்று, முதல் உலகப் போரில் போர்விமானியாகச் சண்டையிட்டு மாண்டார்.

அந்தத் தந்தியை வரலாற்று மாணவர் எவ்வாறு வாசிக்க வேண்டும்? சாலையின் நிலைக்கு அது சான்றாகாது. திட்டமிட்டவரின் விருப்பத்துக்கே அது சான்று. சாலையின் உண்மைநிலை முதலில் ஸ்டைனெஸின் உடலிலும், பின்னர் வீரர்களின் உடல்களிலும் பதிந்தது. அவற்றுள் ஒன்றை அவர் மறைத்தார்; மற்றொன்று சினமாக வெடித்தது. பனியில் கழிந்த இரவின் கதை பெரும்பாலும் ஸ்டைனெஸ் பிற்காலத்தில் தாமே சொன்னதிலிருந்து வருவது என்பதும் கருதத்தக்கது. பந்தயம் வென்றபின்தான் பொய் வீரக்கதையாக மாறிச் சுவையோடு சொல்லப்பட்டது. அன்று ஒரு வீரர் அக்கணவாயில் மாண்டிருந்தால், அதே தந்தி குற்றத்தின் சான்றாக வாசிக்கப்பட்டிருக்கும். தந்தியின் சொற்கள் இரு நிலையிலும் ஒன்றே; அவற்றின் பொருளைத் தீர்மானித்தது பின்னால் மிதித்து வந்தவர்களின் உழைப்பு.