ஒரு தரம், ரெண்டு தரம்... பழைய காமிக்ஸ் ஏலம் போன கதை

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

கோயில் தேங்காய் முதல் வங்கியில் மூழ்கிப் போன நகை வரை ஏலம் விட்டுப் பழகிய ஊர் நம் ஊர். ஏலச் சீட்டில் தள்ளி எடுக்கத் தெரியாத குடும்பம் உண்டா? ஆனால் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போட வேண்டிய ஒரு பொம்மைப் புத்தகத்தை 19 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒருவர் ஏலத்தில் எடுத்தார் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். 2014 ஆகஸ்ட் மாதம் ஈபே இணைய ஏலத்தில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 32,07,852 டாலருக்குப் போனது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938 ஜூன் இதழ் அது. அட்டையில் அச்சிட்ட விலை 10 சென்ட்!

வணிகவியல் படிப்பவர்களுக்கு உடனே கை கால்குலேட்டரைத் தேடும். 76 வருடத்தில் 10 சென்ட் 32 லட்சம் டாலர் ஆனால், கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 25 சதவீதம். எந்த வங்கி இப்படித் தரும்? "அடடா, தாத்தா ஒரு பெட்டி காமிக்ஸ் வாங்கி வைத்திருக்கக் கூடாதா" என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அந்த இதழ் அச்சானது சுமார் 2 லட்சம் பிரதிகள். இன்று மிச்சம் இருப்பது ஏறக்குறைய நூறு என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. அதாவது 2000-க்கு ஒன்று. மற்றவை எங்கே? குழந்தைகள் கிழித்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் சேகரித்தவர்கள் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். அந்த 1,999 பிரதிகளின் கதி தான் மீதி ஒன்றின் விலை. அத்தனை பேரும் பத்திரமாக வைத்திருந்தால் இந்த விலை வந்திருக்குமா? வந்தே இருக்காது.

இதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் "காமிக்ஸ் ஒரு முதலீடு" என்ற பேச்சு கிளம்பியது. 1991-ல் வெளியான 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கியவர்கள் பலர் பிரித்துக்கூடப் பார்க்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? சந்தை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

ஏலம் கணினிக்கு வந்தது

1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் ஓர் இணைய ஏலக் கடை தொடங்கினார். அதுவே பிறகு ஈபே. இந்தியாவில் 2000-ல் பாஸி டாட் காம் வந்தது. 2004-ல் அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கிக் கொண்டது. 2017-ல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

இணைய ஏலத்தில் ஒரு நூதனம் உண்டு. நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து கத்த வேண்டாம். உங்கள் உச்ச விலையை ரகசியமாகச் சொல்லி வைத்தால் போதும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பழைய இதழ் 500 ரூபாயில் நிற்கிறது. ராமு 2000 வரை போகலாம் என்று சொல்லி வைக்கிறார். சோமு 1500 வரை. ஏறுபடி 50 ரூபாய். ராமு ஜெயிப்பார், ஆனால் 2000 தர வேண்டியதில்லை, 1550 தந்தால் போதும். ஜெயித்தவர் தருவது தோற்றவரின் விலையையும் ஒரு படியையும்தான். இப்படி இரண்டாம் விலையைக் கட்டும் ஏலத்தில் உண்மை மதிப்பைச் சொல்வதே புத்திசாலித்தனம் என்று 1961-லேயே வில்லியம் விக்ரி எழுதினார். 1996-ல் நோபல் பரிசு பெற்றார்.

அப்படியானால் ஏன் எல்லோரும் கடைசி பத்து நொடியில் பாய்கிறார்கள்? ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஈபே ஏலம் குறித்த நேரத்தில் டக்கென்று முடியும். அன்றைய அமேசான் ஏலத்திலோ கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் மேலும் 10 நிமிடம் நீளும். கடைசி நொடிப் பாய்ச்சல் ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள், விதி மாறினால் நடத்தை மாறுகிறது!

நம் சட்டத்திலும் ஏலத்துக்கு இடம் உண்டு. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு. சுத்தியல் விழும்போதுதான் விற்பனை முடிகிறது, அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம். விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பொய்க் கேள்வி கேட்க வைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். சுத்தியலே இல்லாத இணையத்தில் பொய்ப் பெயரில் ஒளிந்து விலை ஏற்றுபவரைப் பிடிப்பது எப்படி? சட்டம் பழசு, திருட்டும் பழசு, முகமூடி மட்டும் புதுசு.

தோல் மண்டியில் ஒரு பாடம்

இதை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். தோல் மண்டியில் பச்சைத் தோலை முடியோடு பார்த்து வாங்க வேண்டும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். டேனரிக்குப் போய், சுண்ணாம்பில் ஊறி, முடி கழன்ற பிறகுதான் உண்ணி கடித்த தழும்பும், முள் கீறலும், உரித்தவன் கத்தி பட்ட வெட்டும் தெரியும். அதற்குள் பணம் கொடுத்தாகி விட்டது. அதனால்தான் ஒரே தோலைத் தடவிப் பார்த்து இன்ன தரம் என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலில் அத்தனை மரியாதை.

காமிக்ஸ் ஏலமும் இதே கதை. கணினித் திரையில் அட்டைப் படம் பளபளக்கும். வீட்டுக்கு வந்து பிரித்தால் நடுப் பக்கம் காணாது, ஸ்டேப்ளர் பின் துருவேறி இருக்கும், யாரோ பேனாவால் மீசை வரைந்திருப்பார்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே கெடும் என்று 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2000-ல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தொடங்கியது. புத்தகத்தை அங்கே அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பார்த்து 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி முத்திரை போட்டுத் தருவார்கள். 2014-ல் விலை போன அந்தப் பிரதியின் மதிப்பெண் 9.0. தரம் பிரிப்பவர் வந்தார், நம்பிக்கை வந்தது, விலையும் ஏறியது. 2024 ஏப்ரலில் அதே முதல் இதழின் வேறொரு பிரதி 60 லட்சம் டாலருக்குப் போனது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? உறையை உடைத்தால் மதிப்பெண் போய்விடும். அதாவது 60 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவர் அந்தக் கதையைப் படிக்க முடியாது!

சிவகாசியின் மாயாவி

சரி, நம் தமிழ் காமிக்ஸுக்கு வருவோம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆளுக்காக ஒரு தலைமுறையே பெட்டிக் கடை வாசலில் காத்துக் கிடந்தது. 1984-ல் 'கத்தி முனையில் மாடஸ்டி' கதையோடு லயன் காமிக்ஸ் வந்தது. அதே வருடம் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்தி ராணி காமிக்ஸ் தொடங்கி 2005 வரை ஓடியது.

எல்லாமே மலிவு நியூஸ்பிரின்ட் தாள். படித்து முடித்ததும் கைமாறி, வாடகை நூலகத்துக்குப் போய், கடைசியில் பொட்டலம் மடிக்கப் பயன்பட்டவை. சென்னையில் பழைய புத்தகம் என்றாலே நினைவுக்கு வரும் மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் போனது. அச்சிட்டவர்களே எல்லா இதழையும் பத்திரப்படுத்தும் வழக்கம் இல்லாத காலம். ஆக அந்த 2000-க்கு ஒன்று கணக்கு நமக்கும் பொருந்தத் தொடங்கி விட்டது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் புத்தகங்களுக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பதும் கொடுப்பதும் நடந்தது.

இங்கே ஒரு சுவையான திருப்பம். நம் ஊரில் தரம் பிரித்து உறையிடும் நிறுவனம் வளரவில்லை. ஆனால் மறுபதிப்பு வந்தது. பிரெஞ்சில் 1984-ல் தொடங்கிய 'தேர்ட்டீன்' தொடரை லயன் காமிக்ஸ் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் தந்தது. 2010-ல் 18 பாகங்களையும் ஒரே குண்டுப் புத்தகமாக வெளியிட்டது. அது தீர்ந்த பிறகு அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு கேட்கப்பட்டது. 2018-ல் அதுவே வண்ணத்தில் மறுபடி வந்தது. பதுக்கி வைத்தவருக்கு நஷ்டம், படிக்கக் காத்திருந்தவருக்கு லாபம்.

இதில்தான் இரண்டு விதமான மதிப்பு பிரிகிறது. கதைக்கு ஒரு மதிப்பு, காகிதத்துக்கு ஒரு மதிப்பு. மறுபதிப்பு வந்தால் கதை எல்லோருக்கும் கிடைக்கும். முதல் பதிப்பின் காகிதம் அரிதாகவே இருக்கும். கதை வேண்டியவர் காகிதத்தின் விலையைக் கொடுக்க வேண்டி வரும்போதுதான் வயிற்றெரிச்சல்.

வரைந்தவருக்கு என்ன கிடைத்தது?

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்து விட்டார்கள். பின்னாளில் இருவரும் வறுமையில் வாட, பலரும் குரல் கொடுத்த பிறகு 1975-ல்தான் வருடத்துக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. அந்த 130 டாலரும் சேர்த்து எழுதப்பட்ட 412 டாலர் காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்! இருவருமே அப்போது உயிரோடு இல்லை. அவர்களை ஏமாற்றிய காகிதத்துக்குக்கூட அவர்கள் வாங்கியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விலை.

இந்த சீகல் தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்ல. 1960-களில் பிரிட்டன் இதழுக்காக 'ஸ்பைடர்' கதைகளை எழுதியவர் அவரே. லயன் காமிக்ஸ் வழியாக நம் பிள்ளைகள் கொண்டாடிய அதே கூர்க்காது ஸ்பைடர்தான்!

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஓவியரின் மூலச் சித்திரமோ எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப் பிரதியோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், சில நிபந்தனைகளோடு அவருக்கு 10 சதவீதம் வரை பங்கு உண்டு. அச்சிட்ட புத்தகத்துக்கு இது கிடையாது. ஏலத்தில் ராமுவும் சோமுவும் மோதும்போது லாபம் மூன்றாவது ஆளான விற்பவருக்கு மட்டும்தான்.

கடைசியாக...

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக் கொண்டு போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது உயிர் பெற்றது. ஒவ்வொன்றாக ஏலம் விட்டிருந்தால் குடும்பத்துக்குக் கூடுதல் பணம் வந்திருக்கலாம். ஆனால் இன்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரே கூரையின் கீழ் அதை எல்லாம் புரட்ட முடிந்திருக்காது.

ஏலம் கெட்டது என்று சொல்ல முடியாது. விலை வந்ததால்தான் பரணில் செல்லரித்துக் கிடந்த கட்டுகள் வெளியே வந்தன. பொட்டலக் காகிதம் பொக்கிஷம் ஆனது. ஆனால் விலை ஒரு பொருளைக் காப்பாற்றும், படிக்க வைக்காது. அதற்கு மறுபதிப்பும் நூலகமும் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மாயாவி கை நீட்டிக் கொண்டு கிடக்கலாம். அடுத்த முறை பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நின்றால், ஒரு நிமிடம் கட்டைப் பிரித்துப் பாருங்கள். விற்கிறீர்களோ இல்லையோ, முதலில் ஒரு தரம் படித்து விடுங்கள்... ரெண்டு தரம், மூணு தரம் என்றாலும் தப்பில்லை!