கொத்மலைக்கு வந்த இணையம்

மலையகத்துக்குச் செல்லும்போதெல்லாம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். முன்பு ஆசிரியர் தொழில் என்ற பதிலே அதிகம் கிடைக்கும். இப்போது கணினித்துறை என்கிறார்கள். அதைக் கேட்கும்போது என் நினைவு கொத்மலைக்குப் போய்விடும்.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தில் 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணைக்கட்டு, பலரை வாழ்ந்த மண்ணிலிருந்து பெயர்த்தது. புதிய இடங்களில் குடியேறியவர்களுக்காக இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. 1998இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு அந்தச் சிறிய நிலையத்துக்கு இணையமும் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இரைந்து இரைந்து இணைப்புப் பெறும் அந்தக் காலத்தில், அங்கே தனி இணைப்பே இருந்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கான கணினிகள் வைக்கப்பட்டன.

நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார். துறை அறிந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்தி, கிடைத்ததை மக்களின் மொழியில் எடுத்துச் சொல்வார். கணினியைத் தொட்டறியாதவருக்கும் அதன் பயன் கிடைத்தது. தொண்டர்களாக வந்த இளைஞர்கள் இணையப் பக்கங்களை உருவாக்கவும் பழகினார்கள்.

ஆயினும் வானொலியின் பெரும்பகுதி சிங்களம், இணையமோ ஆங்கிலம். தமிழுக்கு யுனிகோடில் 1991லேயே இடம் கிடைத்திருந்தும், தளத்துக்கொரு எழுத்துரு என்று தமிழ் இணையம் சிதறிக் கிடந்தது. லயத்துப் பிள்ளைக்குக் கணினி கண்ணெதிரே இருந்தாலும் எட்டவில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கிய மலையக மக்களில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல்தான். குன்றின்மேல் இணையம் ஏறி ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தக் காகிதம் வந்தது!

ஆகவே, கணினித்துறை என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை சொல்வதை வெறும் நாகரிக மோகமாக நான் எண்ணுவதில்லை. கொழுந்துக் கூடையைக் கடந்து போவதற்கு அவர்கள் கண்ட வழி அது. அன்று இயந்திரத்துக்கும் மக்களுக்கும் நடுவே ஓர் அறிவிப்பாளர் இருந்தார். தமிழில் எடுத்துச் சொல்லி இந்தப் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் செல்ல இன்று யார் இருக்கிறார்கள்?