பரிசிற் கட்டுரையின் பயன்

தத்துவம் பயிலும் மாணாக்கருக்குக் கல்விக் கழகங்கள் கட்டுரைப் பரிசில் வைப்பது, நூலிற் கற்ற அறத்தை அவர் தாமே ஆராய்ந்து தெளிதற்பொருட்டாம். அப்பயன் முற்றிய வரலாறொன்று இங்கிலாந்து தேசத்தில் உண்டு.

1785-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைத் துணைவேந்தராயிருந்த பீட்டர் பெக்கார்டு என்பார், மக்களை அவர் விருப்பமின்றி அடிமைகளாக்குதல் முறையாமோ என்னும் வினாவை இலத்தீன் கட்டுரைக்குப் பொருளாக விதித்தார். அக்காலத்து ஆங்கிலேயர் கப்பல்கள் ஆபிரிக்க மக்களை ஏற்றிச்சென்று மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுவந்தன. முன்னாண்டிலும் பரிசில் பெற்றிருந்த தாமஸ் கிளார்க்சன் என்னும் இருபத்தைந்து வயதினர், புகழொன்றையே கருதி எழுதப் புகுந்தார். அந்தோணி பெனசெட்டு முதலாயினார் நூல்களிற் கண்ட கொடுமைகள் அவர் உறக்கத்தைக் கெடுத்தன. நள்ளிரவில் தோன்றும் கருத்துக்களையும் உடனெழுதுமாறு விளக்கை அணையாது வைத்திருந்தார். முதற்பரிசில் அவர்க்கே கிடைத்தது.

பின்னர் இலண்டனுக்குக் குதிரைமேற் செல்லுங்கால், வேட்ஸ்மில் என்னும் ஊரருகே இறங்கி வழியோரத்தமர்ந்து, தாம் எழுதியது மெய்யாயின் அக்கொடுமையை ஒழிக்க ஒருவர் முற்படல் வேண்டுமென எண்ணினார். அவ்வொருவர் தாமே ஆயினார். 1786-இல் அக்கட்டுரையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1787-இல் அடிமை வாணிகத்தை ஒழித்தற்கு அமைந்த கழகத்தை நிறுவினோருள் ஒருவராகித் துறைமுகந்தோறுஞ் சென்று மாலுமிகளிடம் சான்று திரட்டினார். 1807-இற் பிரிட்டானியர் அவ்வாணிகத்தை விலக்கினர். 1833-இல் இயற்றிய சட்டத்தால் அவர்தம் குடியேற்ற நாடுகள் பெரும்பாலனவற்றில் அடிமைமுறையும் ஒழிவதாயிற்று.

பரிசில் பெற்றதனோடு கட்டுரை முடிந்ததென அவர் கொள்ளாமையே ஈண்டுக் கருதற்பாலது. ஆராய்ந்து துணிந்த அறம் ஆராய்ந்தானது ஒழுக்கமாதல் வேண்டும். பரிசில் வைப்போரும் பெறுவோரும் இதனை மறவாதிருத்தல் நன்று.