வினாவாய் நின்ற சாத்திரம்

மெய்கண்ட சாத்திரங்கள் 14 என்பர். அவற்றுள் இருபா இருபஃதும் வினாவெண்பாவும் ஆசிரியன்பால் மாணாக்கன் விடுக்கும் வினாக்களாகவே பெரிதும் நடப்பன. விடை விரியாத நூல்களையும் ஆன்றோர் பிரமாணமாகக் கொண்டமை சிந்திக்கற்பாலது.

13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர், சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பெற்றவர். மெய்கண்டதேவரின் தந்தையார்க்குக் குலகுருவுமாவார். அவர் இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரை அடைந்து, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினவ, அப்பிள்ளையார் வாய்திறவாது அவரையே சுட்டிக் காட்டினரென்றும், அவர் அக்கணமே திருவடியில் வீழ்ந்து அடிமையாயினரென்றும் கர்ணபரம்பரை கூறும்.

சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை மறுத்தவரும், அந்நூலின் அளவையில் ஐயக்காட்சியைக் குற்றமென விலக்கியவரும் இவரே. அத்தகையார் இருபா இருபஃதில் 20 பாக்களால் குருவின் திருமுன்னர் வினவி நிற்றல் முரணாகாதோ எனின், ஆகாது. கண்ட பொருளைத் துணியமாட்டாது அலமரும் ஐயம் அறிவின் குற்றம். கல்வியெல்லாம் முற்றிய பின்னும், தன்னறிவால் முடிவு காணவொண்ணாதென உணர்ந்து அருளை எதிர்நோக்கும் ஐயமோ, யான் அறிவேன் என்னும் செருக்கு நீங்கிய நிலையாம்.

14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, அச்சாத்திரங்களுள் 8 அருளிய உமாபதி சிவாசாரியரும் இந்நெறியே பற்றி, தம் குருவாகிய மறைஞானசம்பந்தரை முன்னிலையாக்கி 13 வெண்பாக்களால் வினவினார்.

ஆன்மா அறிவித்தாலன்றி அறியாதென்பது சித்தாந்தத் துணிபு. ஆதலின், அறியாமையை ஒளியாது குருவின் திருமுன் வைத்து, விடை வருமளவும் பொறுத்திருத்தலும் சிவநெறி யொழுக்கமேயாம். பண்டிதர்க்கு இஃது அரிது. அருணந்தியார் அதனைச் செய்து காட்டினார்.

சிவம்.