மென்பொருளுக்கு முன்பே வந்த கணிப்பொறி

குடிவரப் போகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் பழக்கவழக்கம் என்ன என்று தெரியாமல் வீட்டுக்கு அறை பிரிக்க முடியுமா? இன்னும் எழுதி முடிக்கப்படாத இயக்க முறைமைக்காகக் கணிப்பொறியைத் திட்டமிடுவதும் இத்தகைய வேலையே. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் இதில் துணிந்து இறங்கினர்.

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, அச்சுப்பொறி முதலியவற்றை நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, வேலைகளை மேற்பார்வை செய்யும் நிரல் தொகுதியே இயக்க முறைமை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை 1961-இல் இயக்கிக் காட்டினர். அடுத்து அவர்கள் பெரிய கனவு ஒன்று கண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் போல, இரவு பகல் ஓயாமல் ஊருக்கே கணிப்பு வசதி வழங்க வேண்டும் என்பதே அது. அதற்கான இயக்க முறைமைக்கு ‘மல்டிக்ஸ்’ என்று பெயரிட்டனர்.

எப்படிப்பட்ட பொறி தேவை?

பலர் சேர்ந்து பயன்படுத்தினால் இரண்டு தொல்லைகள் எழும். எல்லோருடைய நிரல்களுக்கும் நினைவகத்தில் இடம் போதாது. மேலும், ஒருவருடைய நிரல் பிறருடைய இடத்தில் புகுந்து தரவுகளைக் கெடுத்துவிடலாம்.

முதல் தொல்லைக்கு ஒரு வழி கண்டனர். நிரலை 1024 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, அப்போதைக்குத் தேவையான பக்கங்களை மட்டும் நினைவகத்தில் வைப்பது. மற்றவற்றை வட்டில் விட்டுவைப்பது. நிரல் ஒரு முகவரியைக் கேட்டதும், அது உண்மையில் எங்கே உள்ளது என்பதை அட்டவணை பார்த்துக் கண்டுபிடிப்பது பொறியின் வேலை. இரண்டாவது தொல்லைக்கு, கோட்டை மதில்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றான காப்பு வளையங்களை வகுத்தனர். இயக்க முறைமையின் உயிர்நாடியான பகுதி உள் வளையத்தில் இருக்கும்.

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிவித்த 360 வரிசைப் பொறிகளில் முகவரி மாற்றும் வசதி இல்லை. எனவே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் 635 என்னும் பொறியைத் திருத்தி, 645 என்னும் புதிய பொறியை அமைக்க முடிவாயிற்று. பெல் ஆய்வுக்கூடமும் கூட்டு சேர்ந்தது.

காத்திருந்த பொறி

1967 ஜனவரியில் பொறி கழகத்துக்கு வந்து சேர்ந்தது. குடிவர வேண்டிய மல்டிக்ஸ் அப்போது தயாராக இல்லை! அதைப் பி.எல்.-1 என்னும் புதிய மொழியில் எழுதத் தீர்மானித்திருந்தனர். ஆனால் வெளியே ஒப்படைத்திருந்த தொகுப்பி உரிய காலத்தில் கிடைக்கவில்லை. பெல் ஆய்வுக்கூடத்தார் அவசரமாக ஆக்கிய தற்காலிகத் தொகுப்பியைக் கொண்டே வேலை நகர்ந்தது. காலமும் பணமும் கரைந்தன.

1969 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்ப்சன், கைக்குக் கிடைத்த பி.டி.பி.-7 என்னும் சிறு பொறிக்கு ஏற்ற எளிய இயக்க முறைமை ஒன்றை அதே ஆண்டில் எழுதத் தொடங்கினார். அதுவே பின்னாளில் புகழ்பெற்ற யூனிக்ஸ். மல்டிக்ஸும் கைவிடப்படவில்லை, 1969 அக்டோபரில் கழகத்தில் அதன் சேவை தொடங்கியது.

அனுபவம் தந்த பாடம்

உண்மையில் இயக்கிப் பார்த்தபோதுதான் 645-இன் குறை நன்கு விளங்கிற்று. காப்பு வளையங்களைக் காக்கும் பொறுப்பு மென்பொருளின் தலையில் விழுந்திருந்ததால், ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போதெல்லாம் நேரம் வீணாயிற்று. ஜெனரல் எலக்ட்ரிக்கின் கணிப்பொறித் தொழிலை 1970-இல் ஹனிவெல் நிறுவனம் வாங்கியது. 1973-இல் அது வெளியிட்ட 6180 என்னும் பொறியில் எட்டு வளையங்கள் மின்சுற்றிலேயே அமைந்தன. முதல் பொறி ஊகத்தில் பிறந்தது. இரண்டாவது பொறி அனுபவத்தில் பிறந்தது.

கடைசி மல்டிக்ஸ் பொறி 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று கனடாவின் ஹாலிபாக்ஸ் நகரில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதில் உருப்பெற்ற கருத்துகள் மறையவில்லை. இன்டெல் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 80386 சில்லில் பக்க முறையும் நான்கு காப்பு நிலைகளும் இடம்பெற்றன.

வரப்போகும் மென்பொருளை எண்ணிப் பொறியைத் திட்டமிடுவது வீண் வேலையன்று. ஆயினும் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்துவிட இயலாது. குடிபுகுந்து சில காலம் வாழ்ந்த பின்னர்தானே, எந்தச் சுவரில் சன்னல் வைத்திருக்க வேண்டும் என்பது நமக்கும் புலப்படுகிறது!