இரட்டைக் கண் காமிராவின் கதை

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். இங்கோ, பக்கத்து ஊர்களிலோ ஒரு பழைய வீட்டுக்குப் போனால் கூடத்துச் சுவரை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்பு-வெள்ளைக் கல்யாணப் படம் ஒன்று தொங்கக்கூடும். அதை எடுத்தவர் எப்படி எடுத்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். “எங்களை நேராகப் பார்க்கவே இல்லை. நெஞ்சுக்குக் கீழே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குனிந்து பார்த்தார்” என்று அவர்கள் சொன்னால், அந்தப் பெட்டி இரட்டை லென்ஸ் காமிரா என்று அறியலாம்.

இதன் கதை படச்சுருளில் தொடங்குகிறது. 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் தனது பிரவுனி என்னும் பெட்டிக் காமிராவுக்காக ஒரு சுருளை வெளியிட்டது. ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள இச்சுருளின் முதுகில் கறுப்புக் காகிதம் ஒன்று கூடவே சுற்றிவரும். காகிதத்தில் எண்கள் அச்சிட்டிருக்கும். காமிராவின் பின்புறச் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் தெரியும்வரை திருகினால் அடுத்த படத்துக்கு இடம் தயார். ‘120’ என்னும் எண்ணால் வழங்கும் இச்சுருள் இன்றும் விற்பனையாகிறது.

அகலமான சுருளால் என்ன இலாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் ஒரு படத்தின் அளவு 24 x 36 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. 120 சுருளில் எடுக்கும் சதுரப் படம் ஏறத்தாழ 56 x 56 மி.மீ.; பரப்பு 3,136 சதுர மி.மீ. அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல்! நெகட்டிவ் பெரிதாக இருந்தால் அதே அளவுப் படத்துக்குக் குறைவாகப் பெருக்கினால் போதும். வெள்ளித் துகள்களும் சொரசொரப்பாகத் தெரியா. உருப்பெருக்கிக் கருவி இல்லாதவரும் நெகட்டிவைப் புகைப்படத் தாளின்மேல் வைத்து ஒளி காட்டி, அதே அளவில் படம் எடுத்துவிடலாம். முகத்திலுள்ள மாசுமறுக்களைப் பென்சிலால் திருத்தவும் நெகட்டிவில் இடம் உண்டு. ஸ்டூடியோக்காரர்கள் இச்சுருளை விரும்பியதற்கு இவையே காரணம்.

1929-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிராங்கே–ஹைடெக்கே நிறுவனம் ரோலிபிளெக்ஸ் காமிராவை வெளியிட்டது. இதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். கீழ்க் கண் படம் பிடிக்கும். மேல் கண் பார்ப்பதற்கு மட்டும். மேல் கண்ணின் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது பிம்பத்தை மேல்நோக்கித் திருப்பித் தேய்த்த கண்ணாடித் தகட்டில் விழச்செய்யும். போட்டோக்காரர் குனிந்து பார்ப்பது இதைத்தான். பிம்பம் நேராக நிற்கும். ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். மாப்பிள்ளை இடப்புறம் நகர்ந்தால் தகட்டில் வலப்புறம் நகர்வார்! மேலும், இரு கண்களும் சில சென்டிமீட்டர் விலகியிருப்பதால், மிக அருகில் எடுக்கும்போது பார்த்தது ஒன்று, பதிவானது ஒன்றாகி உச்சந்தலை வெட்டுப்படுவதும் உண்டு.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா இத்தகைய ரோலிபிளெக்சைப் பயன்படுத்தியவர். எளிய குடும்பங்களுக்கோ ஆக்பா கிளிக்-III என்னும் ஒற்றை லென்ஸ் காமிரா வந்தது. ஒரே சுருளில் 12 சதுரப் படங்கள். வெயிலா, மேகமா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். நம் உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள் தந்தது. இன்று அவ்வாலை இயங்கவில்லை.

இதே சுருளை ஏற்றுக்கொண்ட இன்னொரு காமிரா, சுவீடனில் விக்டர் ஹாசல்பிளாட் 1948-இல் வெளியிட்டது. லென்ஸ், உடல், பார்வைக் கூடு, சுருள் பெட்டி ஆகிய அனைத்தையும் தனித்தனியே கழற்றி மாட்டலாம். சுருள் பாதியில் இருக்கும்போதே பெட்டியை மாற்றி வேறுவகைச் சுருளில் படம் எடுக்கலாம். 1962-இல் விண்வெளி வீரர் ஷிர்ரா இந்நிறுவனக் காமிரா ஒன்றை விண்வெளிக்குக் கொண்டு சென்றார். 1969-இல் அதன் சிறப்பு மாதிரி சந்திரனில் படம் பிடித்தது.

சந்திரனில் எடுத்த படங்களைப் பாதுகாக்க ஆள் உண்டு. நம் ஊர்க் கல்யாணத்து நெகட்டிவ்களுக்கு? ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது பல பெட்டிகள் வெள்ளி பிரித்தெடுப்போரிடம் எடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை வெப்பமும் ஈரமும் அரிக்கின்றன. நெகட்டிவிலிருந்து காடி வாடை வீசினால், அதன் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரும் பிரிட்டிஷ் நூலகத்தாரும் இணைந்து, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணியல் பிரதிகளாக்கியதும் இந்த அழிவைக் கண்டுதான்.

நீங்களும் செய்யலாம். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் சதுர நெகட்டிவ்கள் இருந்தால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். வெயில் தகிக்கும் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றையும் தனித் தாள் உறையில் இட்டு, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று உறையின்மேல் எழுதுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.